பல் செட்டும் பிரசங்கியும்

நாற்பதைத் தாண்டிய சகோதரிகளுக்கு நான் சொல்லாமலே தெரியும். ஊசியில் நூல் கோர்க்கக் கை நீளம் போதாமல் போகிற காலம் அது! எனக்கும் வந்தாயிற்று. "வெள்ளெழுத்து, எல்லாருக்கும் வர்றதுதான்" என்று டாக்டர் கண்ணாடி எழுதிக் கொடுத்துவிட்டார். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தால், "உனக்கு இப்பத்தான் ஜன்னல் இருட்டுது. எனக்கு ஏந்திரமே நின்னு போச்சே, எம்மா" என்கிறார் அத்தை, அதாவது என் மாமியார்.

வேதத்தில் பிரசங்கி 12-ஆம் அதிகாரம் முதுமையை ஒரு பழைய வீடாகக் காட்டுகிறது. ஜன்னல் வழியே பார்க்கிறவர்கள்தாம் கண்கள். மாவரைக்கிறவர்கள் பற்கள், ஆள் குறைந்ததால் அரைப்பு நின்றுபோகிறதாம்! பூத்து நிற்கும் வாதுமை மரம் நரைத்த தலை. 82 வயது அத்தைக்கு இது மனப்பாடம். ராத்திரி பல் செட்டைக் கழற்றித் தண்ணீரில் போடும்போது, "அரைக்கிறவளுக குளிக்கப் போயாச்சு" என்பார்.

அப்படிப்பட்டவர் போன வருஷம் பத்து நாள் வாயே திறக்கவில்லை. குடும்ப ஜெபத்தில் பேரன், "ஆச்சி, வசனம் சொல்லுங்க" என்றான். "அசனமா? எந்த ஊர்லடே?" என்று ஆவலாய்க் கேட்டார். எங்கள் திருநெல்வேலிப் பக்கத்தில் கோயில் பண்டிகைக்குச் சபையார் எல்லாரும் சேர்ந்து சாப்பிடுகிற சாப்பாடுதான் அசனம். வந்திருந்த விருந்தாளிகள் உட்பட எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அத்தை சிரிக்கவில்லை. மறுநாளிலிருந்து ஜெப வேளைக்குச் சரியாகத் தலைவலி. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கும் வரவில்லை. வயதானவர்கள் தங்களைப் பற்றித் தாங்களே சிரிப்பது வேறே, நாம் சிரிப்பது வேறே அல்லவா?

காது டாக்டரிடம் அழைத்துப் போனேன். முதலில் அழுக்கை எடுத்தார். வயதானால் கீச்சென்ற ஒலிகள்தாம் முதலில் மங்குமாம். அதனால் கத்திப் பிரயோஜனமில்லை; முகம் பார்த்து, குரலைத் தாழ்த்தி, நிதானமாகப் பேச வேண்டும் என்றார். காது மெஷினும் வாங்கினோம். முதல் வாரம் இரைச்சல் தாங்கவில்லை என்று படுத்தினார். பிரசங்கம் நீண்டால் மெஷினை அணைத்துவிடலாம் என்று கண்டுபிடித்தாரே, அன்றைக்குப் பழைய அத்தை திரும்பி வந்துவிட்டார்!

அன்று ராத்திரி ஜெபத்தில் அவரே சாராள் கதையை எடுத்தார். "தொண்ணூறு வயசுல பிள்ளைன்னா யாருக்குத்தான் சிரிப்பு வராது? கூடாரத்துக்குள்ள சிரிச்சா. கேட்டதும் சிரிக்கலைன்னு சாதிச்சா. ஆண்டவர் அவளைத் தள்ளியா விட்டார்? பிள்ளைக்கு ஈசாக்குன்னு பேர் வைக்கச் சொன்னவரே அவர்தானே! அதுக்குச் சிரிப்புன்னுதான் அர்த்தம்" என்றார். பேரன் வாயை மூடிக்கொண்டு சிரித்தான். "சத்தமாவே சிரிடே" என்றார்.

போன வாரம் என்னைத் தனியே கூப்பிட்டார். "பெட்டியில வைக்கும்போது பல் செட்டை மறந்துராத. எழும்பினதும் மொதல்ல உங்க மாமாகிட்டப் பேசணும்."

"அங்கே புதுப் பல் கிடைக்காதா அத்தை?"

"கிடைக்கும். என்ன கூட்டமோ, வரிசையில நிக்கிற வரைக்கும் இது இருக்கட்டும்."