பூசையின் அரிப்பு

வீட்டு விலங்குகளுள் தன் நோவைப் பிறர் அறியாமல் மறைத்துக்கொள்வதில் பூனையை விஞ்சியது இல்லை எனலாம். நாய் நொண்டும், முனகும், நம் காலடியில் வந்து படுத்துத் தன் துயரை முறையிடும். பூனையோ ஒதுங்கிக்கொள்ளும். கட்டிலுக்கு அடியிலோ அலமாரிக்குப் பின்னாலோ சென்று, முட்கள் பொருந்திய தன் நாவால் உடலை நக்கிக்கொண்டே இருக்கும். விழித்திருக்கும் பொழுதில் கணிசமான பகுதியை இவ்வாறு தன்னைத் தூய்மை செய்வதிலேயே கழிப்பது அதன் இயல்பு. ஆகவே, தூய்மைக்காக நக்குகிறதா, அரிப்புத் தாளாமல் நக்குகிறதா என்று பார்ப்பவர் பிரித்தறிவது எளிதன்று. மயிர் உதிர்ந்து தோல் வெளியே தெரியும் நாளில்தான் நோய் நம் கண்ணுக்குப் புலனாகிறது.

எங்கள் இல்லத்துப் பூனையின் பெயர் பூசை. பூனையைக் குறிக்கும் பழந்தமிழ்ச் சொல் அது. கம்பர் தம் அவையடக்கத்தில் ஆண்ட சொல். 2018ஆம் ஆண்டில், மழைக்குப் பெயர்பெற்ற எங்கள் தைப்பிங் நகரில் ஒரு மாலைப்பொழுதில், பேருந்து நிறுத்தத்தின் துத்தநாகக் கூரையடியில் நனைந்து நடுங்கிக்கொண்டிருந்த குட்டியை என் மனைவி கைப்பையில் வைத்துக் கொண்டுவந்தார். பெயர் சூட்டும் பொறுப்பு மட்டும் எனக்கு வந்தது. "சாமிக்குப் பண்ணுறத எடுத்துப் பூனைக்கு வெச்சிருக்கியே ஐயா" என்று என் அன்னையார் முகம் சுளித்தார். ஆயினும் அப்பெயரை நாள்தோறும் நூறு முறை சொன்னவர் அவரே.

அன்னையாரைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். முப்பது ஆண்டுகளுக்கு மேல் ரப்பர்த் தோட்டத்தில் பால்வெட்டிப் பிள்ளைகளை ஆளாக்கியவர். எண்பதைக் கடந்த பிறகும் விடியற்காலை நான்கு மணிக்கு விழித்துவிடுவார். பெரட்டுக் களத்திற்குச் செல்லும் பழக்கம் உடலைவிட்டுப் போகவில்லை. 2016ஆம் ஆண்டில் என் தந்தையார் மறைந்த பின்னர் அவர் பேச்சுக் குறைந்துவிட்டது. நானும் மனைவியும் பள்ளிக்குச் சென்றுவிட்டால் பகல் முழுவதும் வீட்டில் அவருக்குத் துணை அந்தப் பூனைதான். தோட்டத்துக் கதைகளையெல்லாம் எங்களிடம் சொன்னதைவிடப் பூசையிடம் அதிகமாகச் சொல்லியிருப்பார் என்றே எண்ணுகிறேன்.

2022ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் பூசையின் கழுத்திலும் காதுகளுக்கு முன்புறத்திலும் மயிர் உதிரத் தொடங்கியது. முதுகைத் தடவினால் மயிருக்கு அடியில் தினையரிசியைத் தூவிவிட்டாற்போன்ற பொருக்குகள் விரலில் தட்டுப்பட்டன. பின்னங்காலால் கழுத்தைச் சொறிந்து சொறிந்து குருதி கசியச் செய்துகொண்டது. அருகிலிருந்த மருந்தகத்தில் ஸ்டீராய்டு ஊசி போட்டார்கள். மூன்று வாரம் அமைதி. பிறகு பழைய கதை. மீண்டும் ஊசி, மீண்டும் மூன்று வாரம்.

இதற்கிடையில் ஷா ஆலாமிலிருந்து என் மகள் தன் இரண்டு வயது மகனோடு விடுமுறைக்கு வந்தாள். பேரன் பூனையைக் கட்டிப்பிடித்து உறங்குவான். பொருக்குத் தட்டிய உடம்பைக் கண்டதும் அவள் முகம் மாறியது. போதாக்குறைக்கு அன்னையாரின் கணுக்கால்களிலும் செந்நிறத் தடிப்புகள் தோன்றியிருந்தன. "என்னங்க, வேறு வழியில்லை. யாரிடமாவது கொடுத்துவிடுவோம்" என்றார் என் மனைவி. அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அப்போது சமையற்கட்டின் வாயிலில் அமர்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்த அன்னையார் தலையை நிமிர்த்தவில்லை. ஆனால் அவர் கை மட்டும் சற்று நின்றது. அன்றே இதன் காரணத்தைக் கண்டுபிடிப்பது என்று முடிவு செய்தேன்.

ஆசிரியர் அறையில் செய்தி பரவியதும் ஆளுக்கொரு மருந்து சொன்னார்கள். வேப்பெண்ணெய் என்றார் ஒருவர். மஞ்சளைக் குழைத்துப் பூசுங்கள் என்றார் மற்றொருவர். நாய்க்குப் போடும் உண்ணி மருந்தைச் சிறிதளவு தடவினால் போதும் என்றார் மூன்றாமவர். பூனையின் உடலில் எதைப் பூசினாலும் அடுத்த நிமிடம் அது வயிற்றுக்குள் போய்விடும் என்பதை எண்ணிப் பார்த்தவர் எவரும் இல்லர். அந்த மூன்றாவது யோசனை மிகக் கொடியது. நாய்களுக்கான மருந்துகள் பலவற்றில் பெர்மெத்ரின் என்னும் நஞ்சு உண்டு. நாய்க்கு அது தீங்கு செய்வதில்லை. பூனையின் உடலுக்கோ அதைச் சிதைத்து வெளியேற்றும் ஆற்றல் போதாது. நடுக்கமும் வலிப்பும் கண்டு உயிரே போய்விடக்கூடும். இதை வகுப்பறையில் சொல்வதுபோல் உரக்கவே சொல்லி வைத்தேன்.

ஈப்போவில் ஒரு கால்நடை மருத்துவரைப் பற்றிக் கேள்விப்பட்டுப் பூசையைக் கூடையில் வைத்து எடுத்துச் சென்றோம். இளம் மலாய்ப் பெண்மணி. என் தொழிலை அறிந்ததும் "சிக்கு" என்று மரியாதையோடு அழைத்தார். "இதுவரை அரிப்பை அடக்கியிருக்கிறோம் சிக்கு, அரிப்பு ஏன் வருகிறது என்று இன்னும் கேட்கவில்லை. இந்த ஊசியை அடிக்கடி போட்டால் பூனைக்கு நீரிழிவு வரவும் கூடும்" என்றார். நோயின் முதலை நாடச் சொல்லும் குறளை ஆண்டுதோறும் மாணவர்க்கு விளக்கி வருகிறேன். அதன் பொருளை அன்று மலாய்மொழியில் கேட்டேன்.

அவர் செய்த முதற்செயல் எனக்கு வியப்பளித்தது. வழுக்கை விழுந்த இடத்தின் ஓரத்திலிருந்து சில மயிர்களைப் பிடுங்கி நுண்ணோக்கியின் கீழ் வைத்து, என்னையும் பார்க்கச் சொன்னார். மயிர் நுனிகள் கூர்மையாக இல்லாமல் ஒடிந்திருந்தன. தானாக உதிரும் மயிரின் நுனி கூராக இருக்கும்; நாவாலும் பல்லாலும் பிய்க்கப்பட்ட மயிரின் நுனியே இவ்வாறு முறிந்திருக்கும் என்றார். ஆகவே நோய் மயிரில் இல்லை, அரிப்பில் இருக்கிறது. அடுத்துத் தோலைச் சுரண்டி எடுத்து நுண்ணிய பூச்சிகள் உண்டா என்று பார்த்தார். இல்லை. ஊதாநிற ஒளி வீசும் விளக்கைக் காட்டிப் படர்தாமரை உண்டா என்று தேடினார். அது பூஞ்சையால் வருவது, மனிதர்க்கும் தொற்றுவது. விளக்கொளியில் எல்லாப் பூஞ்சையும் ஒளிர்வதில்லை என்பதால் மயிரை ஆய்வுக்கூடத்திற்கும் அனுப்பினார். பூஞ்சை இல்லை என்னும் முடிவு வந்த நாளில் நான் முதலில் செய்தது, மகளைத் தொலைபேசியில் அழைத்ததுதான்.

பிறகு தெள்ளுப்பூச்சி. எங்கள் கண்ணில் ஒன்றுகூடத் தென்பட்டதில்லையே என்றேன். மருத்துவர் சிரித்துக்கொண்டே, பூனை தன்னைத் தானே நக்கும்போது தெள்ளையும் சேர்த்து விழுங்கிவிடும் என்றார். பூனைகளுக்கு ஒவ்வாமை தோன்றுவதற்கு மிகப் பொதுவான காரணம் தெள்ளின் உமிழ்நீரே. ஒவ்வாத பூனைக்கு ஒரு சில கடிகளே போதும். பேன் சீப்பால் வாரி, சீப்பில் வந்த கரிய துகள்களை ஈரமான வெள்ளைத்தாளில் தட்டச் சொன்னார். மண்ணாயின் மண்ணாகவே கிடக்கும். தெள்ளின் கழிவாயின் அதிலுள்ள குருதி கரைந்து செம்பழுப்பாகப் பரவும். அன்னையாரின் பழைய மரச்சீப்பு அன்று பயன்பட்டது. ஐந்தாறு துகள்கள் தாளில் சிவந்து கசிந்தன. அன்னையாரின் கணுக்கால் தடிப்புகளுக்கும் விடை கிடைத்தது.

தெள்ளை ஒழிப்பது ஒருநாள் வேலையன்று. பெண்தெள்ளு நாளொன்றுக்கு 40, 50 முட்டைகள் இடும். நூற்றில் ஐந்து பங்கு மட்டுமே பூனையின் மேல் இருக்கும். எஞ்சியவை முட்டையாகவும் புழுவாகவும் கூட்டுப்புழுவாகவும் பாயிலும் மெத்தையிலும் தரையிடுக்கிலும் ஒளிந்திருக்கும். கூட்டுப்புழுவோ மாதக்கணக்கில் காத்திருக்க வல்லது. நம் நாட்டு வெப்பமும் ஈரமும் அவற்றுக்கு அமுதம். பூனைக்கென்றே செய்த மருந்தை மாதம் ஒருமுறை பிடரியில் இட்டோம். விரிப்புகளைச் சுடுநீரில் அலசினோம். வீட்டை நாள்தோறும் மூலைமுடுக்கெல்லாம் துப்புரவு செய்தோம். இரண்டு மாதத்தில் முதுகும் வாலடியும் மயிர் போர்த்துக்கொண்டன. அன்னையாரின் கால்களும் ஆறின.

ஆனால் தலையும் கழுத்தும் ஆறவில்லை.

காரணம் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்ற விதி இல்லை என்றார் மருத்துவர். தலையிலும் கழுத்திலும் அரிப்பு நிலைத்திருந்தால் உணவையும் ஐயுற வேண்டும். மாட்டிறைச்சி, மீன், கோழி ஆகியவற்றின் புரதமே பெரும்பாலும் பூனைகளுக்கு ஒவ்வாமை தருவன. குருதிச் சோதனை இதில் நம்பத்தக்கதன்று. உணவை நீக்கிப் பார்ப்பதே வழி. புரதத்தை மிக நுண்ணிய கூறுகளாகச் சிதைத்து, உடலின் காவற்படை அடையாளம் காணாதவாறு செய்த மருத்துவ உணவு ஒன்றை எழுதித் தந்தார். எட்டு வாரம் அதைத் தவிர வேறொன்றும் கொடுக்கலாகாது. விலையைக் கேட்டதும் என் மனைவி என் முகத்தைப் பார்த்தார். நான் மருத்துவரின் முகத்தைப் பார்த்தேன்.

செயலாய்வு செய்யாத தமிழ்ப்பள்ளி ஆசிரியர் இன்று எவருமிலர். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும். மாற்றியதை எண்ணால் அளக்க வேண்டும் என்று பயிற்சிக் கல்லூரியில் கற்றதை என் வரவேற்பறையிலேயே செய்து பார்த்தேன். நாள்தோறும் இரவு ஏழரை முதல் எட்டு மணிவரை பூசை எத்தனை முறை சொறிகிறது என்று ஒரு பள்ளிக் குறிப்பேட்டில் எழுதினேன். முதல் வாரம் இருபதை ஒட்டி இருந்தது. நான்கு வாரம் கழிந்தும் பெரிதும் குறையவில்லை. மனைவி சோர்ந்துபோனார். நான் எண்களைக் கோடு போட்டு வரைந்தேன். அப்போதுதான் ஒன்று தெரிந்தது. புதனும் வியாழனும் கோடு ஏறியது, திங்களன்று இறங்கியது, ஞாயிற்றுக்கிழமைகளில் மீண்டும் ஒரு மேடு. எங்கள் தாமானுக்கு மீன்வண்டி வரும் நாட்கள் செவ்வாயும் சனியும்.

அடுத்த செவ்வாய்க்கிழமை இரவு உணவுக்குப் பின் தட்டுகளைக் கழுவ நானே எடுத்துச் சென்றேன். என் தட்டில் கெம்போங் மீனின் முள் இருந்தது. மனைவியின் தட்டிலும் இருந்தது. அன்னையாரின் தட்டு துடைத்து வைத்தாற்போல் இருந்தது. தலையும் இல்லை; முள்ளும் இல்லை.

அருகில் சென்று அமர்ந்து மெல்லக் கேட்டேன். அவர் மறுக்கவில்லை. "வாயில்லாச் சீவன் பக்கத்துல ஒக்காந்து பாக்குது. அத வெச்சுக்கிட்டு நா எப்பிடிய்யா முழுங்குறது? லயத்துல இருந்தப்ப ஒரு மீன ஏழு பேருக்குப் பிரிச்சுக் குடுத்தவ நா. ஒரு துண்டு குடுத்தா என்ன கொறஞ்சிரப் போவுது?" என்றார்.

அவரிடம் கொடுக்காதீர்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கொடுத்துக் கொடுத்தே வாழ்ந்த கை அது. கொடுப்பதை நிறுத்துவதைவிடக் கொடுக்கும் பொருளை மாற்றுவதே தக்கது என்று தோன்றியது. மருத்துவ உணவில் ஒரு பிடியைச் சிறு மைலோ டின்னில் இட்டு அவர் தட்டுக்கருகே வைத்தேன். உண்ணும்போது அதிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துப் பூசைக்கு நீட்டினார். முதல் இரண்டு நாட்கள் பூசை அதை முகர்ந்து பார்த்துவிட்டு மீன் எங்கே என்பதுபோல் அவரை நோக்கியது. மூன்றாம் நாள் அவர் கையிலிருந்தே வாங்கித் தின்றது. கிண்ணத்தில் கிடந்தபோது சுவைக்காத அதே உணவு அந்தக் கையில் எப்படிச் சுவைத்ததோ, நான் அறியேன்.

எட்டு வாரத்தை 2023 பிப்ரவரியில் புதிதாகத் தொடங்கினோம். குறிப்பேட்டில் எண் பதினைந்தாகி, ஒன்பதாகி, எட்டாம் வாரத்தில் இரண்டு மூன்று என நின்றது. காதுமுன் மயிர் அரும்பியது. ஆயினும் சோதனை முடிந்துவிடவில்லை. நீக்கிய உணவை ஒவ்வொன்றாக மீண்டும் கொடுத்துப் பார்த்தால்தான் குற்றவாளி யார் என்று உறுதிப்படும். இரண்டு வாரம் அவித்த கோழி கொடுத்தோம், மாற்றமில்லை. பிறகு கெம்போங் மீன். மூன்றாம் நாளே பூசை கழுத்தைச் சொறியத் தொடங்கியது. ஆறாம் நாள் விரலுக்குத் தினையரிசி தட்டுப்பட்டது. மீனை நிறுத்தியதும் அடங்கியது.

பூனைக்கு மீன் ஒவ்வாதா என்று கேட்டுச் சிரிக்காதவர் இல்லை. ஆனால் வீட்டுப் பூனையின் மூதாதையான காட்டுப்பூனை, ஆப்பிரிக்காவிலும் மேற்காசியாவிலும் உள்ள வறண்ட நிலங்களில் எலியையும் சிறு பறவையையும் பிடித்துத் தின்று வாழ்வது. மீனுக்கும் அதற்கும் தொடர்பு மிகக் குறைவு. மனிதனோடு வாழ்ந்து பழகிய பின் வந்த சுவையாக இது இருக்கலாம். அன்னையாரிடம் இதை விளக்கினேன். "அப்ப அதுக்கு ஒத்துக்காதத நாமதான் பழக்கி விட்டுருக்கோம்" என்று சொல்லிவிட்டு, பூசையின் தலையைத் தடவினார்.

இன்றும் பிடரி மருந்து மாதந்தோறும் தவறுவதில்லை. அவித்த கோழித் துண்டுகள் சில உப்பும் மசாலையும் இன்றித் தனியே எடுத்து வைக்கப்படுகின்றன. அன்னையாரின் தட்டோரத்திலிருந்து அவை ஒவ்வொன்றாகக் கீழே செல்கின்றன. பேரன் வரும்போதெல்லாம் பூசையைக் கட்டிக்கொண்டுதான் உறங்குகிறான். மீன்வண்டி வரும் நாட்களில் மட்டும் உணவு வேளைக்கு முன் பூசையை என் அறையில் விட்டுக் கதவைச் சாத்துகிறோம். உள்ளிருந்து அது கதவைப் பிறாண்டும் ஓசை கேட்கும். அந்த இரண்டு நாளும் அன்னையார் விரைவாக உண்டு எழுந்துவிடுகிறார்.