கண்ணுக்குத் தெரியாத காளை



நம் தலைமுடி ஒன்றின் தடிமன் சுமார் 80 மைக்ரான். அதன் குறுக்கே எட்டுக் காளைகளை வரிசையாக நிறுத்த முடியுமா? முடியும்! 2001-ல் ஜப்பானின் ஒசாகாவில் சதோஷி கவாதா குழுவினர் லேசரால் ஒரு பிளாஸ்டிக் காளை செய்தார்கள். கொம்பு, கால், வால் எல்லாம் உண்டு. நீளம் வெறும் 10 மைக்ரான்!

எப்படிச் செய்தார்கள்? ஒளி பட்டால் கெட்டிப்படும் திரவ ரெசினுக்குள் அகச்சிவப்பு லேசரைக் குவிக்கிறார்கள். ஒரு போட்டான் தனியாக வந்தால் ரெசின் அசையாது. இரண்டு ஒரே நேரத்தில் உறிஞ்சப்பட்டால்தான் கெட்டியாகும். ஒளி நெருக்கியடிக்கும் குவிமையத்தில் மட்டுமே அது நடக்கும். அந்தப் புள்ளியை நகர்த்தி நகர்த்தி உருவத்தை வரைந்துவிட்டு, மிச்ச ரெசினைக் கழுவிவிடுவார்கள். இப்படி இரண்டு போட்டான்கள் சேர்ந்து வேலை செய்யும் என்று 1931-லேயே மரியா கோப்பர்ட் மேயர் கணக்குப் போட்டுச் சொன்னார். லேசர் வந்தபின் 1961-ல்தான் அது சோதனையில் நிரூபணமானது.

சரி, காளை அழகுதான். ஆனால் மெக்கானிக்கல் படிக்கும் நாம் கேட்க வேண்டிய கேள்வி வேறு. இது எவ்வளவு தாங்கும்?

எங்க அப்பா கொத்தனார். எங்கள் குடும்பத்தில் பத்தாவதைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். இந்தக் காளைக் கதையை அவரிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "கெட்டியாயிட்டா போதுமாடா? எத்தனை நாள் தண்ணி ஊத்துனாங்க?" என்றார்.

சிரிக்காதீர்கள். அதுதான் சரியான கேள்வி! காங்கிரீட்டுக்கு க்யூரிங் போல ரெசினுக்கும் க்யூரிங் உண்டு. லேசர் பவர் எவ்வளவு, புள்ளி எவ்வளவு வேகமாக நகர்ந்தது என்பதைப் பொறுத்து உள்ளே மூலக்கூறுகளின் பின்னல் கூடும், குறையும். பவர் குறைந்து வேகம் கூடினால் பொருள் தொளதொளவென்று இருக்கும். பவர் அளவு மீறினால் குமிழி கிளம்பிக் கருகிவிடும். அச்சான பிறகு புற ஊதா ஒளியில் வைத்தால் இன்னும் விறைப்பாகும். ஒரே பாட்டில் ரெசின்தான், யங் குணகம் மட்டும் வேறு வேறு!

அளவும் சேர்ந்து விளையாடுகிறது. கண்ணாடி இழை மெல்லியதாக ஆக ஆகப் பலம் கூடுகிறது என்று 1921-ல் கிரிஃபித் காட்டினார். பொருள் உடைவது அதிலுள்ள நுண்ணிய விரிசலால். உருவம் சிறியதானால் பெரிய விரிசலுக்கு இடம் ஏது? 2016-ல் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூவில் இதைச் செய்தே காட்டினார்கள். லேசரால் அச்சிட்ட கம்பிப் பின்னலைச் சுமார் 900 டிகிரி சூட்டில் வைத்துக் கரியாக்கினார்கள். அது ஐந்தில் ஒரு பங்காகச் சுருங்கியது. கம்பிகளின் தடிமன் 200 நானோமீட்டர் வரை இறங்கியது. வைர முனையால் அழுத்திப் பார்த்துக் கணக்கிட்டால், கம்பிப் பொருளின் பலம் 3 கிகா பாஸ்கல் வரை! நம் லேபில் யு.டி.எம். இழுக்கும் மைல்ட் ஸ்டீல் கம்பி சுமார் 400 மெகா பாஸ்கலில் அறுந்துவிடும். அது அழுத்தம், இது இழுவை என்றாலும் வித்தியாசம் புரிகிறதல்லவா?

ஆகவே, பொருளின் பெயரைக் கேட்டு அதன் பலத்தைச் சொல்ல முடியாது. எப்படிச் செய்தார்கள், எந்த அளவில் செய்தார்கள் என்று பார்த்து, அதையே சோதித்துத்தான் சொல்ல வேண்டும்.

"இதெல்லாம் நமக்கெதுக்குடா? வேலைக்குப் போற வழியப் பாரு" என்கிறான் ரூம்மேட். அவன் சொல்வதிலும் நியாயம் உண்டு. என் பீஸுக்காக அம்மாவின் கம்மல் அடகில் இருக்கிறது. படிப்பு முடிந்ததும் நான் வேலைக்குத்தான் போயாக வேண்டும். ஆனால் தோழர்களே, சாம்பிளை மெஷினில் மாட்டி ரீடிங் எடுப்பது யார் வேலை? டிப்ளமோக்காரன் வேலை! நாம் எழுதும் எண்ணை நம்பித்தான் மேலே இருப்பவர் கையெழுத்துப் போடுவார்.

அதனால் ஒரே ஒரு வேண்டுகோள். சீனியரின் ரெக்கார்டு நோட்டைப் பார்த்து ரீடிங் எழுதாதீர்கள். அந்தக் கம்பி வேறு, இந்தக் கம்பி வேறு. எங்க அப்பா தூக்கி நிறுத்தும் தூண்களுக்கும் எங்கோ ஒரு லேபில் காங்கிரீட் க்யூபை உடைத்து ஒருவர் எண் எழுதுகிறார். அந்தக் கூரையின் கீழ் குழந்தைகள் தூங்குகின்றன. நாளை அந்த நாற்காலியில் நாம்தான் உட்காரப் போகிறோம். எண் உண்மையாக இருக்கட்டும்!

— இயந்திரவியல், மூன்றாம் ஆண்டு