கல்லும் சொல்லும் கற்பிக்கும் உரோமாபுரி

உலகத்துப் பெருநகரங்களுள் 'நித்திய நகரம்' என்னும் பெயர் பெற்றுத் திகழ்வது உரோமாபுரி. தைபர் நதியின் இரு மருங்கும் பரந்து கிடக்கும் அந்நகருக்கு ஆண்டுதோறும் இலட்சக் கணக்கான உல்லாசப் பிரயாணிகள் வந்து போகின்றனர். அவர்களுள் காண்போர் பலர், கற்போர் சிலர். ஆனி, ஆடி மாதங்களில் அங்கு செல்வோர், அச்சிலருள் ஒரு சாராரைக் காணக்கூடும். பதினாறு பதினேழு வயதுடைய பாடசாலை மாணாக்கர், இடிந்த தூண்களின் நிழலில் அமர்ந்து, கையிலுள்ள தாளைப் பார்த்து, இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட வாக்கியங்களை உரத்து வாசிப்பர். அவர்கள் கடல் கடந்து வந்த கோடைப் பள்ளி மாணாக்கர். பெரும்பாலார் அமெரிக்க நாட்டினர்.

இத்தாலியிலே பாடசாலைகள் யூன் மாதத்தில் மூடப்பட்டுச் செப்டெம்பர் நடுப்பகுதியிலேயே மீண்டும் திறக்கப்படும். அமெரிக்காவிலும் நீண்ட விடுமுறைக் காலம் அதுவே. ஆகவே, சில வாரங்கள் அந்நிய நாட்டிலே தங்கிக் கற்பதற்குக் கோடை வாய்ப்பான காலமாயிற்று. ஓவியமும் சிற்பமும் பயில விரும்புவோர் புளோரன்சு நகரை நாடுவர். இத்தாலிய மொழியை நாடுவோருக்குப் பெருஜியா நகரிலே 1921ஆம் ஆண்டில் தொடங்கிய வகுப்புகள் பின்னர் அந்நியருக்கான பல்கலைக்கழகமாகவே வளர்ந்தன. இலத்தீன் மொழியையும் பண்டைய வரலாற்றையும் நாடுவோருக்கோ உரோமாபுரியே பள்ளிக்கூடம்.

ஊதியம் வாங்காத ஆசிரியர்

இத்தகைய கோடைக் கல்விக்குப் புத்துயிர் அளித்தவர்களுள் தலைசிறந்தவர் றெஜினோல்ட் பொஸ்டர் அடிகளார். 1939ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மில்வோக்கி நகரிலே, குழாய் பொருத்தும் தொழிலாளி ஒருவரின் மகனாகப் பிறந்த இவர், கார்மேல் சபைத் துறவியாகி, வத்திக்கானிலே நான்கு பாப்பரசர்களின் காலத்தில் இலத்தீன் எழுத்தாளராகப் பணி புரிந்தார். துறவாடைக்குப் பதிலாகத் தொழிலாளர் அணியும் நீலநிற உடையையே உடுத்து நடமாடிய இவரை உரோமாபுரியில் அறியாதார் இலர்.

1977 முதல் 2006 வரை கிரகோரியன் பல்கலைக்கழகத்தில் இலத்தீன் கற்பித்த அடிகளார், 1985ஆம் ஆண்டிலே கோடைப் பள்ளி ஒன்றையும் ஆரம்பித்தார். கட்டணம் எதுவும் அவர் பெற்றாரல்லர். முதல் நாளிலேயே சிசரோவின் கடிதத்தையோ, பாப்பரசர் ஒருவரின் பிரசங்கத்தையோ எடுத்து மாணாக்கர் கையிற் கொடுத்துவிடுவார். சொல் வாய்பாடுகளை மனனஞ் செய்விக்கும் முறை அவருக்கு உவப்பானதன்று. வீட்டு வேலைக்கு அவர் இட்ட பெயர் 'வீட்டு விளையாட்டு' என்பதாம். பண்டை உரோமாபுரியிலே தெருப் பிச்சைக்காரனும் பேசிய மொழி இது, அவனாற் பேச முடிந்ததை உங்களாற் கற்க முடியாதா என்பது அவர் வாதம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் வகுப்பறை தெருவுக்கு வந்துவிடும். சிசரோ மாண்ட போர்மியாக் கடற்கரையிலே அவர் மரணத்தைப் பற்றிய பகுதி வாசிக்கப்படும். கவிஞர் ஹொரேஸ் வாழ்ந்த மலைநாட்டுத் தோட்டத்திலே அவருடைய பாடல்கள் வாசிக்கப்படும். 2008ஆம் ஆண்டில் நோய்வாய்ப்பட்ட அடிகளார், தாயகம் திரும்பி, அங்கும் கற்பித்து, 2020ஆம் ஆண்டு நத்தார் தினத்தன்று இறைவனடி சேர்ந்தார். அவரிடம் கற்றோர் அம்முறையைக் கைவிடவில்லை. 2010ஆம் ஆண்டில் அமைக்கப்பட்ட பைதேயா நிறுவனம் உரோமாபுரியில் உயிர்மொழியாக இலத்தீனைக் கற்பிக்கும் கோடை வகுப்புகளை நடத்தலாயிற்று. உயர் வகுப்புப் பாடசாலை மாணாக்கருக்கெனத் தனி வகுப்பும் அவற்றுள் இடம் பெற்றது.

பொய் சொல்லாத செங்கல்

இத்தகைய கல்வியால் விளையும் பயன் யாது? நூலை வீட்டிலிருந்தே படிக்கலாகாதா? இவ்வினாவிற்கு உரோமாபுரியின் கட்டடங்களே விடை தருகின்றன.

நகரின் நடுவே பந்தியன் என்னும் பண்டைக் கோயில் நிற்கிறது. அதன் குவிமாடத்தின் குறுக்களவு 43.3 மீற்றர், தளத்திலிருந்து உச்சி வரையுள்ள உயரமும் ஏறக்குறைய அதுவே. உச்சியிலே வட்டமான திறந்த வாயொன்று உண்டு. அதன் வழியே வெயிலும் வரும், மழையும் வரும். வந்த மழைநீர் தளத்திலுள்ள துளைகளால் வடிந்து போகும். கோயிலின் முகப்பிலே, 'லூசியசின் மகன் மார்க்கஸ் அக்கிரிப்பா மூன்றாம் முறை கொன்சலாயிருந்தபோது இதனைக் கட்டினான்' என்று பொருள்படும் இலத்தீன் வாசகம் பெரிய எழுத்துகளிற் பொறிக்கப்பட்டிருக்கிறது. சிறிது இலத்தீன் அறிந்த மாணாக்கனும் இதனை வாசித்துவிடுவான். வாசித்து, கட்டியவன் அக்கிரிப்பா என்று தன் குறிப்பேட்டில் எழுதியும் விடுவான்.

ஆனால், அக்கிரிப்பா கட்டிய கோயில் தீக்கிரையாகிவிட்டது. இன்று நாம் காணும் கட்டடம் கி.பி. 126ஆம் ஆண்டளவில், ஹேட்ரியன் சக்கரவர்த்தியின் ஆட்சியிலே நிறைவெய்தியது. முதலிற் கட்டியவனின் பெயரையே முகப்பில் இருக்கச் செய்தனர். இவ்வுண்மையை வெளிப்படுத்தியவை சுவரினுள்ளே இருந்த செங்கற்கள். உரோமர் செங்கற் சூளைகளில் முத்திரை இடும் வழக்கம் இருந்தது; பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலே அம்முத்திரைகள் ஆராயப்பட்டபோதுதான் கட்டடத்தின் வயது துலங்கிற்று. முகப்பிலுள்ள எழுத்தை வாசிப்பது முதற்பாடம். எழுதப்பட்டது அனைத்தும் அவ்வாறே கொள்ளத்தக்கதன்று என்று தெளிவது இரண்டாம் பாடம். அந்த இரண்டாம் பாடத்தை மாணாக்கன் மறவாதிருக்க வேண்டுமாயின், அவன் அச்சுவரின் முன் நிற்பதைவிடச் சிறந்த வழியில்லை.

யூலியஸ் சீசரின் கொலையும் இத்தகையதே. ஷேக்ஸ்பியரின் நாடகத்தைப் பாடமாகப் படித்த நம் மாணவர் பலரும், கப்பிற்றோல் குன்றிலே சீசர் குத்துண்டு வீழ்ந்ததாக எண்ணியிருப்பர். கவிஞர் அவ்வாறு அமைத்தார். உண்மையில், கி.மு. 44ஆம் ஆண்டு மார்ச்சு 15ஆம் தேதி அக்கொலை நிகழ்ந்தது பொம்பே என்பான் கட்டுவித்த மண்டபத்திலே. அதன் அடித்தளத்தின் ஒரு பகுதி, பேருந்துகள் இரைந்தோடும் அர்ஜென்ரீனாச் சதுக்கத்தின் நடுவே, தெருமட்டத்துக்குக் கீழே கிடக்கிறது. நகரத்துப் பூனைகள் அங்கே வெயில் காய்கின்றன. சீசரின் உடல் எரியூட்டப்பட்ட இடமோ பண்டைய பொதுமன்றத்திலுள்ளது. அவ்விடத்தில் இன்றும் யாரேனும் பூ வைத்துப் போவதுண்டு.

அதே மன்றத்திலே பேச்சு மேடையின் எச்சமும் நிற்கிறது. அந்தோனிக்கு எதிராகச் சொற்பொழிவுகள் ஆற்றிய சிசரோ, கி.மு. 43ஆம் ஆண்டு திசம்பரிற் கொல்லப்பட்டார். அவர் தலையும், அச்சொற்பொழிவுகளை எழுதிய கையும் துண்டிக்கப்பட்டு அம்மேடையிலே காட்சிக்கு வைக்கப்பட்டன. பரீட்சைக்காகச் சிசரோவின் உரைநடையைச் சலிப்போடு மொழிபெயர்த்த மாணாக்கன், அம்மேடையின் எதிரே நின்று அதே உரைநடையை வாசிக்கும்போது, ஒரு மனிதன் தன் சொல்லுக்காகச் செலுத்திய விலையை உணர்கின்றான்.

இளைஞர் கண்ட கல்

உரோமாபுரியிலிருந்து புகையிரதத்தில் அரைமணி நேரம் சென்றால் ஒஸ்தியா என்னும் பழைய துறைமுகத்தை அடையலாம். அங்கே வணிகர் சங்கங்கள் இருந்த சதுக்கத்தின் தரையிலே கப்பலும், கலங்கரை விளக்கமும், ஆபிரிக்க வணிகர் அடையாளமாகக் கொண்ட யானையும் சிறு கற்களாற் சித்திரிக்கப்பட்டுள்ளன.

புனித அகுஸ்தீனாரின் தாயாராகிய மோனிக்கம்மையார் கி.பி. 387ஆம் ஆண்டிலே இவ்வூரில் உயிர் நீத்ததை அகுஸ்தீனாரே தம் நூலில் உருக்கமாக எழுதியுள்ளார். 1945ஆம் ஆண்டுக் கோடையிலே, அவ்வூர்க் கோவிலை அடுத்த முற்றத்தில் விளையாட்டுக்காகக் கம்பம் நடுவதற்குக் குழி தோண்டிய இரு சிறுவர்கள் சலவைக்கல் துண்டொன்றைக் கண்டெடுத்தனர். அது அவ்வன்னையாரின் கல்லறை வாசகத்தின் ஒரு பகுதி எனப் பின்னர் தெரிய வந்தது. ஏட்டில் மட்டும் அதுவரை அறியப்பட்டிருந்த வாசகம் சிறுவர் கையிற் கல்லாகவே கிடைத்தது!

நேப்பிள்ஸ் நகருக்கு அண்மையிலுள்ள பொம்பெயி, கோடைப் பள்ளிகள் தவறாது செல்லும் மற்றோர் இடம். கி.பி. 79ஆம் ஆண்டில் வெசூவியசு எரிமலை அந்நகரைச் சாம்பலால் மூடியது. அதனைக் கண்டெழுதிய பிளினிக்கு அப்போது வயது பதினேழு. தாய்மாமன் கப்பலேறிப் புறப்பட்டபோது, 'உடன் வருகிறாயா?' என்று கேட்டார். அவர் கொடுத்திருந்த பாடத்தை எழுத வேண்டும் என்று சொல்லி மருமகன் வீட்டிலேயே இருந்துவிட்டான். மாமன் திரும்பி வரவில்லை. ஆண்டுகள் பல கழிந்தபின், வரலாற்றாசிரியர் தசித்தசுக்கு இரண்டு கடிதங்களில் பிளினி இதனை எழுதினார். அவ்விளைஞனின் வயதையொத்த மாணாக்கர், சாம்பலிலிருந்து மீட்கப்பட்ட வீதியில் அக்கடிதங்களை வாசிக்கும்போது ஒருவரும் பேசாதிருப்பது வியப்பன்று.

பிளினியின் கடிதப் பிரதிகளிலே ஓகஸ்ட் 24 என்னும் தேதி காணப்படுகிறது. 2018ஆம் ஆண்டிலோ, பொம்பெயியில் வீடொன்றின் சுவரிலே கரியால் எழுதப்பட்ட குறிப்பு ஒன்று வெளிப்பட்டது. அதில் உள்ள தேதி ஒக்டோபர் 17. ஆண்டு குறிக்கப்படவில்லையாதலால் விவாதம் முற்றுப்பெறவில்லை. யாரோ ஒருவர் கரித்துண்டாற் கிறுக்கிய ஒரு வரி, நூற்றாண்டுகளாகப் பாடநூல்களில் இருந்த தேதியை ஐயுறச் செய்துவிட்டது.

செலவும் பயனும்

கோடைப் பள்ளியின் நாளாந்த வாழ்க்கை சுகவாசம் அன்று. ஆடி மாத வெயில் 35 பாகையைத் தாண்டுவதுண்டு. கல் பாவிய தெருக்களில் நாள் முழுவதும் நடக்கவேண்டும். தாகத்துக்கு உதவுபவை தெருவோரக் குடிநீர்க் குழாய்கள். 1874ஆம் ஆண்டிலிருந்து நகரசபை நிறுவி வரும் இக்குழாய்களை, வளைந்த வாய் காரணமாக, 'பெருமூக்கு' என்று மக்கள் அழைப்பர். 'உரோமாபுரியின் மூதவையும் மக்களும்' என்பதன் முதலெழுத்துகள் நான்கும் அவற்றிலே பொறிக்கப்பட்டுள்ளன. படையெடுத்துச் சென்ற சேனைகளின் பெயரோடு விளங்கிய அவ்வெழுத்துகளைக் கழிவுநீர்க் குழியின் மூடியிலும் காணலாம்! இரவுணவு எட்டு மணிக்கு முன் கிடைப்பது அரிது. தாயார் கையுணவையன்றிப் பிறிதறியாத பிள்ளைக்கு, தன் துணியைத் தானே துவைப்பதும், வழி தவறினால் வேற்று மொழியிற் கேட்டறிவதும் பாடங்களே.

எனினும், ஒன்றை மறைத்தலாகாது. அடிகளாரின் இலவச வகுப்பு ஒரு விதிவிலக்கு. இக்காலத்துக் கோடைப் பள்ளிகளிற் பெரும்பாலானவை பெருந்தொகை அறவிடுவன. விமானச் செலவும் சேரின், சாதாரண குடும்பத்தினர்க்கு அது எட்டாக்கனி. பணம் இருப்பினும், ஆயத்தமின்றிச் செல்லும் மாணாக்கன் புகைப்படங்களோடும் குளிர்களியின் சுவையோடுமே திரும்புவான். ஏட்டை முன்னரே படித்தவனுக்குத்தான் கல் பேசும். படியாதவனுக்கு அது வெறுங்கல்லே. பிள்ளையை அனுப்ப எண்ணும் பெற்றோர், எத்தனை நகரங்கள் காட்டப்படும் என்று கேளாது, ஓரிடத்தில் எவ்வளவு நேரம் நின்று எதனை வாசிப்பர் என்று கேட்பது நன்று.

நமக்கும் ஓர் உறவு

இலத்தீனுக்கும் நமக்கும் என்ன தொடர்பு என்று சிலர் வினவலாம். 1680ஆம் ஆண்டில் வட இத்தாலியிலுள்ள கஸ்திலியோனே என்னும் ஊரிற் பிறந்த பெஸ்கி பாதிரியார், தமிழகம் புகுந்து வீரமாமுனிவராகி, தேம்பாவணி பாடினார். பேச்சுத் தமிழுக்கு அவர் வகுத்த இலக்கணம் இலத்தீனில் எழுதப்பட்டது. திருக்குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் அவர் பெயர்த்ததும் இலத்தீனிலேயே. தமிழாராய்ச்சி செய்ய விரும்பும் மாணவனுக்கு இலத்தீன் முற்றிலும் அந்நியமானதன்று. யாழ்ப்பாணத்துக் கரம்பனிலே 1913இற் பிறந்த தனிநாயகம் அடிகளாரும் 1934 முதல் 1939 வரை உரோமாபுரியிற் கற்றவரே; தமிழின் பெருமையை உலக அரங்கில் நிலைநாட்டிய அவருக்கு அந்நகர வாழ்வு பிற மொழிகளின் வாயில்களையும் திறந்துவிட்டது.

வீரமாமுனிவர் தமிழைத் தமிழர் நடுவே வாழ்ந்து கற்றார். நூலோடு நின்றிருப்பாராயின் நமக்குத் தேம்பாவணி கிடைத்திராது. உரோமாபுரிக்குச் செல்லும் வாய்ப்பு நம் மாணவரில் மிகச் சிலருக்கே கிட்டும். ஆயின், ஏட்டைக் கையிலெடுத்துக்கொண்டு அது கூறும் இடத்துக்குச் சென்று, எழுதியதையும் இருப்பதையும் ஒப்பிட்டு நோக்கும் பழக்கத்திற்குக் கடவுச்சீட்டு வேண்டியதில்லை. கல்வெட்டுள்ள கோயிலும் பழைய கோட்டையும் நம் ஊர்களிலும் உண்டு. விடுமுறை நாட்களும் உண்டு. வழிகாட்டி அழைத்துச் செல்லும் ஆசிரியர் ஒருவரே வேண்டும்.