கோகு யார்? 1,600 வருடமாக மாறும் பதில்

மேற்காசியாவில் போர் மூண்டால் போதும், பலர் வீட்டு பைபிளில் எசேக்கியேல் 38-ம் அதிகாரம் திறந்துகொள்ளும். வடக்கிலிருந்து கோகு என்பவன் பல நாட்டுப் படைகளோடு இஸ்ரவேல் மீது பாய்வான், கடைசியில் கடவுளால் அழிவான் என்பது அதன் சாரம். எல்லாம் சரி, யார் இந்தக் கோகு?

கி.பி. 378 வாக்கில் மிலான் ஆயர் அம்புரோஸ் இதற்கு ஒரு பதில் சொன்னார். கோத் இனத்தாரோடு போருக்குக் கிளம்பிய ரோமப் பேரரசர் கிரேஷியனுக்காக எழுதிய நூலில், 'கோகு என்பது கோத்துகளே' என்றார். பெயர் ஒத்துப்போகிறதே, வேறென்ன வேண்டும்! 410-ல் கோத்துகள் ரோம் நகரையே சூறையாடினார்கள். உலகம் முடியவில்லை. அதன்பிறகு எழுதிய அகஸ்டின், கோகையும் மாகோகையும் ஏதோ ஓர் இனத்தோடு முடிச்சுப் போடாதீர்கள் என்றார். கேட்டவர்கள் குறைவு.

1529-ல் துருக்கியப் படை வியன்னாவை முற்றுகையிட்டது. மறு வருடமே மார்ட்டின் லூதருக்குக் கோகு துருக்கியராகத் தெரிந்தார்கள். எந்தக் காலத்தில் யாரைக் கண்டு பயமோ, அவர்கள்தான் கோகு.

பிறகு ரஷ்யாவின் முறை. இங்கே விளையாடியது ஒரே ஒரு எபிரேயச் சொல். அந்த வசனத்தில் 'ரோஷ்' என்று வருகிறது. 'தலை' என்று பொருள். யூதர்களின் புத்தாண்டான 'ரோஷ் ஹஷானா'வில் இருப்பதும் இதே ரோஷ்தான், வருடத்தின் தலை. நம் தமிழ் பைபிளில் இந்த இடத்தில் 'அதிபதி' என்றுதான் இருக்கிறது. ஆனால், சிலர் அதை ஊர்ப்பெயராக எடுத்துக்கொண்டு ரஷ்யா என்றார்கள். 1909-ல் வெளியான ஸ்கோஃபீல்டு பைபிளின் அடிக்குறிப்பு இன்னும் ஒரு படி மேலே போனது. மேசேக் என்றால் மாஸ்கோ, தூபால் என்றால் டொபோல்ஸ்க்!

டொபோல்ஸ்க் நகரம் உருவானதே 1587-ல்தான். எசேக்கியேலோ கி.மு. 597-ல் பாபிலோனியர் சிறைபிடித்துப் போனவர்களில் ஒருவர். மேசேக், தூபால் என்று அவர் சொன்ன மக்கள் இன்றைய துருக்கி இருக்கும் பகுதியில் வாழ்ந்தவர்கள். அசீரியக் கல்வெட்டுகளிலும் இந்தப் பெயர்கள் உண்டு. ஊரும் கோயிலும் பறிபோய் அந்நிய மண்ணில் கிடந்தவர்களுக்கு, 'எவ்வளவு பெரிய படை வந்தாலும் கடவுள் கைவிடமாட்டார்' என்று சொன்ன ஆறுதல் அது. ஆறுதலை எடுத்து வரைபடமாக்கிவிட்டோம்.

1970-ல் ஹால் லிண்ட்சே எழுதிய புத்தகமும் ரஷ்யாவைத்தான் கோகு என்றது. அந்தப் பத்தாண்டில் அமெரிக்காவில் சக்கைப்போடு போட்ட புத்தகம். இஸ்ரேல் உருவான 1948-லிருந்து நாற்பது வருடத்துக்குள் எல்லாம் நடந்துவிடலாம் என்று கணக்கும் போட்டிருந்தார். 1988 வந்தது, போனது.

புத்தகத்தோடு நின்றிருந்தால் பரவாயில்லை. 1971-ல் ஒரு விருந்தில், கோகு ரஷ்யாதான் என்று கலிஃபோர்னியா ஆளுநர் ஒருவர் உறுதியாகப் பேசியதாக, உடனிருந்த அரசியல்வாதி ஜேம்ஸ் மில்ஸ் பின்னாளில் எழுதினார். அந்த ஆளுநர் ரொனால்ட் ரீகன். பத்தே வருடத்தில் அணு ஆயுதங்களுக்கு உத்தரவிடும் அதிகாரம் அவர் கைக்கு வந்தது. போர் எப்படியும் வந்தே தீரும், அதுவும் கடவுள் சித்தம் என்று நம்புகிறவருக்குச் சமாதானப் பேச்சு எதற்கு? அமெரிக்காவில் அப்போது பலரைக் கவலைப்பட வைத்த கேள்வி இது.

1987 டிசம்பர் 8. வாஷிங்டனில் ரீகனும் சோவியத் தலைவர் கோர்பச்சேவும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். அதன்படி 1991-க்குள் இரு நாடுகளும் அழித்த ஏவுகணைகள் 2,692.