காரங்காட்டு நண்டும் கலாம் கரடியும்!

'புது உயிரினம் கண்டுபிடிப்பு'ன்னு பேப்பர்ல பார்த்ததும் நமக்கு என்ன ஞாபகம் வரும்? அமேசான், ஆப்பிரிக்கா, தோள்ல வலையோட ஒரு வெள்ளைக்காரத் தாத்தா! அந்த நினைப்பை மாத்த ஒரு நாள் டிரிப் போதும். ராமநாதபுரத்திலிருந்து தொண்டி போற பஸ்ல ஏறுங்க. தொண்டிக்குக் கொஞ்சம் முன்னாடி, கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து கடல் பக்கமா பிரியுற ரோட்டில் இருக்கு காரங்காடு.

வழி நெடுக பொட்டல், சீமைக் கருவேலம், நடுநடுவே கண்மாய். 'இந்த மாவட்டத்துலயா இவ்வளவு பச்சை!'ன்னு வாயைப் பிளக்க வைக்குது கோட்டக்கரை ஆறு பாக் விரிகுடாவில் கலக்கிற இடம். அத்தனையும் அலையாத்திக் காடு. வனத்துறையும் ஊர்க்காரர்களும் சேர்ந்து படகு விடுறாங்க. தெம்பு இருந்தா கயாக்கில் ஏறி நீங்களே துடுப்பும் போடலாம்.

நீர் வத்தியிருக்கும் நேரமா பார்த்துப் போங்க. அப்பதான் சேற்றிலிருந்து பென்சில் பென்சிலா நீட்டிக்கிட்டு நிற்கிற சுவாச வேர்கள் தெரியும். மண்ணுக்குள்ள ஆக்சிஜன் கிடையாது. அதனால வேரே வெளியே வந்து மூச்சு விடுது. இலையைத் தொட்டு நாக்கில் வெச்சா உப்புக் கரிக்கும். உறிஞ்சின உப்பை இலை வழியா துப்பிடுற மரம் இது!

வேர்களுக்கு நடுவே ஒரு நண்டு ஓடிச்சு. படகோட்டி வந்த அண்ணன் சும்மா திரும்பிப் பார்த்துட்டு, "அது சிவப்பு தம்பி. பச்சை வேற. பச்சை நல்லா பெருசா வரும், இது அவ்வளவுதான்"னார். சாதாரணமா சொல்லிட்டார். ஆனா இந்த ஒரு வரிக்கு விஞ்ஞானம் எத்தனை வருஷம் எடுத்துக்கிச்சு தெரியுமா?

கழி நண்டு எல்லாத்தையும் 'சில்லா செர்ராட்டா'ங்கிற ஒரே பெயரில்தான் ரொம்ப காலம் போட்டு வெச்சிருந்தாங்க. 1949ல் பிலிப்பைன்ஸில் எஸ்டாம்படோர் என்பவர், அந்த ஊர் மீனவர்கள் பிரிச்சுச் சொல்றதைக் கவனிச்சு, 'இது ஒண்ணு இல்லை, பல'ன்னு எழுதினார். எல்லாரும் ஒத்துக்கலை. 1998ல் கீனன், டேவி, மான் மூணு பேரும் உடல் அளவுகளையும் மரபணுவையும் ஒப்பிட்டு நாலு இனம்னு முடிச்சு வெச்சாங்க. நம்ம கரையில் ரெண்டு: பெரிசா வளர்ற செர்ராட்டா, சின்னதா நிற்கிற ஒலிவேசியா. இது வெறும் பெயர்ச் சண்டை இல்லைங்க. சிவப்பு நண்டு சின்ன அளவிலேயே முட்டை வைக்கத் தயாராயிடும். பச்சைக்கு அந்த அளவெல்லாம் குழந்தைப் பருவம். ரெண்டையும் ஒண்ணா நினைச்சு, 'இந்த அளவுக்குக் கீழே பிடிக்காதே'ன்னு விதி போட்டா, ஒரு இனம் காலியாகும், இல்லைன்னா மீனவர் வயிறு காயும்.

சரி, புத்தம் புது இனம்? அதுக்கும் இந்த மாவட்டத்தை விட்டு வெளியே போக வேண்டாம். மண்டபம் கடற்கரை மணலில் கிடைச்சது ஒரு நீர்க்கரடி. கரடின்னதும் பயந்துடாதீங்க, நீளம் 0.17 மில்லிமீட்டர்தான்! நாலு ஜோடிக் கால், விரல் நுனியில் மணலைப் பிடிச்சுக்க உறிஞ்சு வட்டுகள். கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் விஷ்ணுதத்தன், பிஜோய் நந்தன் ரெண்டு பேரும் மார்கோஸ் ரூபாலோடு சேர்ந்து 2023ல் 'ஜூடாக்ஸா' இதழில் இதை விவரிச்சாங்க. பெயர் 'பாட்டிலிப்பஸ் கலாமி'. ஆமா, ராமேஸ்வரத்துக் கலாமேதான்! லத்தீன் இலக்கணப்படி 'கலாமி'ன்னா 'கலாமுடைய'ன்னு அர்த்தம். 2017லேயே சர்வதேச விண்வெளி நிலையத்து ஃபில்டரில் கிடைச்ச ஒரு பாக்டீரியாவுக்கு 'சோலிபேசில்லஸ் கலாமி'ன்னு பெயர் வெச்சிருந்தாங்க. மேலே ஒண்ணு, சொந்த ஊர்ப் பக்கம் ஒண்ணு!

கண்ணுக்குத் தெரியாத கரடிக்கு எதுக்கு இவ்வளவு பாடுன்னு கேட்கலாம். ஏற்கெனவே தெரிஞ்ச அத்தனை உறவினர்களோடும் காலுக்குக் கால், முடிக்கு முடி ஒப்பிடணும். மாதிரி ஒண்ணைப் பத்திரமா அருங்காட்சியகம் மாதிரி ஒரு இடத்தில் ஒப்படைக்கணும். பின்னாடி வர்றவன் சந்தேகப்பட்டா எடுத்துப் பார்க்கணுமே! ஆனா அந்தப் பெயர் இருந்தாத்தான் வனவிலங்குச் சட்டத்தின் அட்டவணையில் ஏற முடியும். கரையில் ஏதாவது கட்ட வரும்போது, 'இங்கே இது இருக்கு'ன்னு காகிதத்தில் காட்ட முடியும். பெயரில்லாத ஜீவனுக்காக எந்தக் கோர்ட்டில் போய் நிற்பது?

காலேஜில் ஜுவாலஜி எடுத்துட்டு 'என்ன ஸ்கோப்'னு புலம்புற மக்களே, திரும்பி வரும்போது ஏதாவது ஒரு கண்மாய்க் கரையில் அஞ்சு நிமிஷம் குந்துங்க. ஒரு கறுப்பு வண்டு மேலே வரும். வாலை முதல்ல நீட்டி, இறக்கை மூடிக்கு அடியில் காற்றை நிரப்பிக்கிட்டு முங்கினா அது நீச்சல் வண்டுக் குடும்பம். தலையை முதல்ல நீட்டினா வேற குடும்பம். அதுக்கு மேல எந்த இனம்னு சொல்லணும்னா லேப்புக்குத்தான் போகணும். ஆப்பிரிக்காவில் கிடைச்சாலும் சரி, நம்ம கண்மாயில் கிடைச்சாலும் சரி, நெருங்கின இனங்களைப் பிரிக்கப் பெரும்பாலும் ஆண் வண்டின் இனப்பெருக்க உறுப்பை எடுத்து மைக்ராஸ்கோப்பில் வெச்சுத்தான் பார்க்கிறாங்க. பாவம் வண்டு!