உமிக்கரி குடித்த நஞ்சு

உமி என்றாலே நம்மவர்க்கு ஓர் இளக்காரம். வீண் உழைப்பை உமி குத்துவதற்கு ஒப்பிட்டவர்கள் அல்லவா நாம்! அந்த உமியை நம்பித்தான் பெங்களூரில் என் முதுகலை ஆய்வு நடக்கிறது என்றால் தோழர்கள் சிரிக்கக்கூடும். சிரியுங்கள். நெல்லின் எடையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு உமி. அதைக் கொண்டு தண்ணீரில் கலந்த பூச்சிமருந்தை நீக்க முடியுமா என்பதே என் வேலை.

முடியும். உமியைக் காற்றுப்படாமல் சுட்டு, முறையாகப் பதப்படுத்தினால், ஒரு கிராம் கரிக்குள் சில நூறு சதுர மீட்டர் பரப்பு ஒளிந்திருக்கும். நீரோடு ஒட்டாத நஞ்சு அந்த நுண்துளைச் சுவர்களில் போய் ஒட்டிக்கொள்ளும். இதற்குப் பரப்புக் கவர்தல் என்று பெயர். நம் பாட்டிமார் கலத்தில் உரைத்த தேற்றாங்கொட்டை கலங்கலைத் தெளியவைக்கும். கரைந்த நஞ்சை அது தொடாது. கரி தொடும். முதல் உலகப் போரில் நச்சுப்புகைக்கு அஞ்சிய வீரர்களின் முகமூடிக்குள் இருந்ததும் தேங்காய்ச் சிரட்டை போன்றவற்றின் கரிதான்.

இது வெறும் ஆய்வுக்கூட விளையாட்டன்று. நமக்கு மேற்கே காசர்கோட்டில், 2000 வரை இருபது ஆண்டுகளுக்கு மேலாக, முந்திரித் தோட்டங்களின்மீது வானூர்தியிலிருந்து எண்டோசல்பான் தெளித்தார்கள். மலைச்சரிவில் விழுந்தது நீர்நிலைகளுக்கு இறங்கியது. உச்சநீதிமன்றம் 2011 மே மாதத்தில்தான் அதை நாடெங்கும் தடுத்தது. 2003-இல் புட்டியில் அடைத்து விற்ற நீரிலும் பூச்சிமருந்து இருப்பதை டில்லி அறிவியல் சுற்றுச்சூழல் மையம் காட்டியது. அதன்பின் வந்த தர அளவு, ஒரு தனி மருந்துக்கு லிட்டருக்கு 0.0001 மில்லிகிராம், அதாவது ஒரு கோடி லிட்டரில் ஒரு கிராம்!

வடிநீரில் கரைத்த மருந்தை என் கரி ஆவலோடு பற்றும். வயற்கிணற்று நீர் என்றால் வேறு கதை. மட்கிய இலைதழைச் சத்துகள் முந்திக்கொண்டு துளைகளில் குடியேறிவிடும். நஞ்சுக்கு இடம் குறையும். வடிநீரை மட்டும் வைத்துக்கொண்டு வெற்றி முழக்கம் செய்வதில் எனக்கு உடன்பாடில்லை. யார் வடிநீரைக் குடிக்கிறார்கள்?

விடுமுறையில் ஊருக்குப் போனபோது அத்தையிடம் இதையெல்லாம் விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அது சரிடா, விஷத்தைக் குடிச்ச கரியை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவே?" என்றார்.

ஆய்வேடுகள் பலவும் கடைசிப் பத்தியில் போகிறபோக்கில் தொட்டுச் செல்லும் கேள்வி அது! நஞ்சு அழியவில்லை, நீரைவிட்டுக் கரிக்கு இடம் மாறியிருக்கிறது, அவ்வளவே. வரப்பில் கொட்டினால் மெல்ல மண்ணுக்குத் திரும்பும். அடுப்பில் போட்டால் இன்னும் கேடு. குளோரின் கொண்ட பொருள்கள் அரைகுறைச் சூட்டில் எரியும்போது டயாக்சின் போன்ற கொடியவை பிறக்கலாம். அவற்றை அடக்கச் சிமெண்ட் சூளையைப் போல் ஆயிரம் பாகைக்கு மேற்பட்ட வெப்பம் வேண்டும். ஊருக்கு ஊர் சூளை ஏது? பூச்சிமருந்து விற்கும் கடையே பழைய கரியைத் திரும்பப் பெற்றுச் சூளைக்கு அனுப்பினால் என்ன என்று எனக்குத் தோன்றுகிறது. விற்றவர்க்கு அந்தப் பொறுப்பு உண்டல்லவா?

இப்போது என் குறிப்பேட்டில் ஒரு கட்டம் கூடியிருக்கிறது. கரி எவ்வளவு பிடித்தது என்பதற்குப் பக்கத்தில், பிடித்ததில் எவ்வளவை மழைநீரில் திரும்ப விடுகிறது என்று எழுதி வருகிறேன்.