ஊதினது நான்தாங்க!

காலையில பத்து மணிக்கு வைவா. முந்தின ராத்திரி எட்டரைக்கு உங்க பிராஜெக்ட்டே தப்புனு தெரிஞ்சா என்ன பண்ணுவீங்க?

எம்.எஸ்சி. கடைசி செமஸ்டர்ல எனக்கு அது நடந்துச்சு. நடு அகச்சிவப்பு லேசரை வெச்சு, துளியூண்டு கார்பன் டை ஆக்சைடை அளக்கிற பிராஜெக்ட். வாயு மூலக்கூறு ஒவ்வொண்ணும் தனக்குனு ஒரு தாளத்துல அதிரும். அதுக்குப் பொருந்துற அலைநீளத்தை அனுப்பினா, ஒளியை லபக்குனு விழுங்கிடும். கார்பன் டை ஆக்சைடுக்கு 4.3 மைக்ரான். எவ்வளவு ஒளி குறையுதோ, அதுதான் கணக்கு. இதுக்குத் தோதான குவான்ட்டம் கேஸ்கேட் லேசர் 1994-ல பெல் லேப்ஸ்ல பிறந்தது. எங்க டிபார்ட்மென்ட்ல அதைக் கல்யாண நகை மாதிரி பூட்டி வெச்சிருப்பாங்க!

மூணு வாரமா கிராஃப் சூப்பரா வந்துச்சு. ஒரே ஒரு உறுத்தல். குழாய்க்குள்ள அழுத்தம் குறைவு, அப்போ கோடு ஒல்லியா வரணும். என்னோடது குண்டு! அன்னிக்கு ராத்திரி சும்மா குழாயைக் காலி பண்ணிப் பார்த்தேன். கோடு அப்படியே நிக்குது. குனிஞ்சு பார்த்தா, இன்னும் பெருசாகுது. லேசருக்கும் குழாய்க்கும் நடுவுல ஒரு ஜாண் வெறும் காற்று. நான் அளந்ததுல முக்கால்வாசி ரூம் காற்றும் என் மூச்சும்தான்.

யாருக்கும் தெரியாது. மறைச்சிடலாம்னு பதினோரு மணி வரைக்கும் நினைச்சேன், பொய் சொல்லல.

செவ்வாய்ல 2012-ல இறங்கின க்யூரியாசிட்டிக்கும் இதே வம்புனு பிறகுதான் படிச்சேன். அதோட லேசர் 3.27 மைக்ரான், மீத்தேனுக்கு. 20 சென்டிமீட்டர் குழாயை ஒளி 81 தடவை கடக்கும். ஆனா லேசர் பக்கத்து அறையில ஃப்ளோரிடா காற்று ஒட்டிக்கிட்டுப் போயிருந்துச்சு, மீத்தேனோட! குழாய் நிறைஞ்சப்போ ஒண்ணு, காலியா ஒண்ணுனு அளந்து கழிச்சாங்க. 2019 ஜூன்ல நூறு கோடியில 21 பங்கு மீத்தேன் காட்டுச்சு. மேலே சுத்துற ட்ரேஸ் கேஸ் ஆர்பிட்டரோ, அப்படி எதுவும் இல்லைங்குது. பஞ்சாயத்து இன்னும் தீரல.

வைவாவுல முதல் ஸ்லைடே காலிக் குழாய் கிராஃப்தான். கைடு முகம் போன போக்கு இருக்கே... ரெண்டு வாரம் தள்ளிப் போட்டாங்க. நடுவுல ஒரு பிளாஸ்டிக் பைப் வெச்சு நைட்ரஜனை ஓட விட்டேன். கோடு ஒல்லியா, கால்வாசி உயரத்துல வந்துச்சு. அந்த ரீடிங்கை எடுக்கிறப்போ மூச்சைப் பிடிச்சுக்கிட்டுதான் நின்னேன், தேவையே இல்லைன்னாலும்!